மதினிக்கு ஒரு கிரீம்

கல்யாணம் முடிந்த முதல் வருசம் மதினி கொழும்புக்குப் போய் வந்தா. மதினி என்பது என் கணவரின் மூத்த சகோதரி. கணவரின் உம்மா, என் மாமி, மருதமுனையில் இருப்பதும் அவவோடுதான். எல்லாரும் சுற்றியிருக்க, பையைத் திறந்து ஆளாளுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தா. எனக்கு வந்தது முகம் வெளுக்கிற கிரீம்.

"உனக்கெண்டே தேடி எடுத்த புள்ள. ராவையில பூசு. கொஞ்சமாவது நிறம் வரும்."

கடல் வெயிலில் தோணி தள்ளிய என் வாப்பாவின் நிறம் எனக்கு. மாமி சிரித்தா. கணவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கே மனதுக்குள் ஒரு அடுப்பை மூட்டிவிட்டேன். வருசக் கணக்காக அதை அணைய விடவில்லை.

போன வருசம் மகனின் பாஸ்போர்ட் விசயமாக நாங்கள் கொழும்புக்குப் போனோம். வேலை முடிந்ததும் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போகவேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். மாமிக்குத் தொழுகைக்கு விரிக்க மெத்தென்ற முசல்லா, மதினியின் மகளுக்கு நல்ல அத்தர், பக்கத்து வீட்டாருக்குத் தின்ன மஸ்கட் இனிப்பு. இவ்வளவும் சுணங்காமல் எடுத்துவிட்டேன். மதினியின் சாமானுக்குத்தான் கடை கடையாக ஏறி இறங்கினேன். பைகளைத் தூக்கிக்கொண்டு வந்த கணவர், அக்காவில் எனக்கு இவ்வளவு அக்கறையா என்று ஆச்சரியப்பட்டார்.

கடைசியில் ஒரு கடையில் நான் நினைத்தது கிடைத்தது. உம்மாவுக்கா என்று கடைக்காரர் கேட்டார். ஓம் என்றேன். பூப்போட்ட கடதாசியில் சுற்றித் தரச் சொன்னேன்.

மருதமுனைக்குப் போன அன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று. அவர்களிடமெல்லாம் தனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை என்று மதினி சொல்லி வைத்திருந்தது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் கொடுத்து முடித்துவிட்டு, அவவுடையதை இரண்டு கையாலும் நீட்டினேன். பிரித்துப் பார்த்துவிட்டு, இது என்னத்துக்கு என்று மகளிடம் கேட்டா. அவள் பெட்டியில் இருந்த இங்கிலீசை வாசித்தாள்.

"சுருங்கின தோலுக்குப் பூசுறதாம் உம்மா."

"உங்களுக்கெண்டே தேடி எடுத்த மதினி," என்றேன். "கடைக்காரர் வயசு கேட்டாரு. நாப்பத்தாறு எண்டு செல்லித்தான் வாங்கின."

முசல்லாவைத் தடவிக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்தா. "நாப்பத்தாறா? எழுவத்தெட்டுல அந்தப் பெரிய சூறாவளி அடிக்கக்குள்ள இவள் நடந்து திரிஞ்ச புள்ளயல்லவா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அல்லாஹ் தந்தது என்றுதான் எடுத்துக்கொண்டேன். பெண்கள் முந்தானைக்குள் வாயை மறைத்தார்கள். ஒருத்தி விரல் மடித்துக் கணக்குப் பார்த்தாள். மதினியின் முகம் கறுத்தது. தேத்தண்ணி ஊத்துவதாகச் சொல்லிக் குசினிக்குள் போனவ திரும்பி வரவேயில்லை.

வரும் வழியில் பாண்டிருப்பைத் தாண்டும்போது கணவர் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கினார்.

"இது தேவையா உனக்கு?"

"ஓம்," என்றேன். அவர் மறுபடியும் வேகத்தைக் கூட்டினார்.

அதற்குப் பிறகு மதினி என்னோடு கதைப்பதில்லை. பெருநாளைக்குத் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் அனுப்பினா. தம்பிக்கு மட்டும் என்று சொல்லித்தான் அனுப்பினா. அவர் பள்ளியில் தொழுதுவிட்டு வருவதற்குள் முழுவதையும் நான் சாப்பிட்டு முடித்தேன். நல்ல ருசி.