மேல் இமையில் ஒரு முடி

அப்பாவின் வலது கண்ணில் மேல் இமை உள்பக்கமாக மடங்கியிருந்தது. சிறு வயதில் வந்த ஏதோ கண்நோய் ஆறும்போது அப்படி இழுத்துவிட்டதாம். வெளியே பார்க்க வேண்டிய இமைமுடிகள் உள்ளே திரும்பி, சிமிட்டும்போதெல்லாம் கருவிழியில் உரசும். பிடுங்கினால் பத்துப் பதினைந்து நாள் நிம்மதி. பிறகு மறுபடி முளைத்துவிடும்.

பிடுங்குகிற வேலை என்னுடையது. எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் என்பதால் எனக்கு இந்தப் பதவி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் விழும் இடமாகப் பார்த்துப் பாயை விரித்து, அப்பா என் மடியில் தலைவைத்துப் படுப்பார். உப்பளத்தில் உப்பு வாரிக் காய்த்துப்போன கைகளை நெஞ்சின்மேல் கட்டிக்கொள்வார். புதிதாக முளைத்த முடிக்கு நிறமே இருக்காது. கருவிழியின் கறுப்புக்கு நேரே வந்தால்தான் அது கண்ணில் படும். முள்வாங்கியால் கவ்வி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அப்பா முனகக்கூட மாட்டார். கால் பெருவிரல் மட்டும் மடங்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் திருவிழாவுக்கு ராட்டினம் வந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்காக்கள் என்னைக் கூட்டிப்போகத் தெரு முக்கில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஆறு முடியைப் பிடுங்கிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன்.

"ஏளா, இன்னும் ஒண்ணு குத்துது. மூக்குப் பக்கம் நல்லாப் பாரு."

பார்த்தேன். மூக்கோரத்தில் குட்டையாக ஒன்று நின்றது. நான்கு முறை முள்வாங்கி வழுக்கியது. முக்கிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள்.

"ஒண்ணுமில்லப்பா. எல்லாம் எடுத்தாச்சு" என்றேன்.

ராட்டினத்தில் இரண்டு முறை சுற்றினேன்.

செவ்வாய்க்கிழமை அப்பாவின் கண் சிவந்திருந்தது. வெள்ளை உப்பில் அடிக்கிற வெயிலில் நீர் வடிய வடிய, உப்புக் கையாலேயே துடைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். இன்னொரு தடவை முடி பார்க்கச் சொல்லலாமே என்று அம்மா சொன்னாள்.

"அதான் பிள்ள பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லுதால்லா. உப்புத் தூசியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா.

நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் ஞாயிற்றுக்கிழமை சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். நோட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது கருவிழியின் நடுவில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி. அப்பாவால் வெளிச்சத்தில் நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது நானும் அம்மாவும். டாக்டர் விளக்கு வைத்த கருவியில் அவர் முகத்தைப் பொருத்திப் பார்த்துவிட்டு, இமையைத் திருப்பி ஒரு முடியைப் பிடுங்கி எடுத்தார். அது உரசின இடம் புண்ணாகிச் சீழ் பிடித்துவிட்டது என்றார். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும், அந்தக் கண்ணில் இனிப் பார்வை வருவது கஷ்டம் என்றார். பிறகு கோபமாக, வீட்டில் யார் முடி பிடுங்குவது என்று கேட்டார்.



"நான்தான் சார். கண்ணாடியப் பாத்து நானே எடுத்துக்கிடுவேன். இந்தத் தடவ ஒண்ண விட்டுட்டேன்" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். டாக்டர் அப்பாவைத் திட்டித் தீர்த்தார். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். டாக்டருக்கு உண்மை தெரியவில்லை, நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

புண் ஆற இரண்டு மாதமானது. டாக்டர் சொன்னதுபோலவே தழும்பு நின்றது. அதன் பிறகும் முடி முளைத்துக்கொண்டுதான் இருந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அப்பா அரைநாள் வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளை எடுத்துவிடுவாளே, எதற்கு இந்த அலைச்சல் என்று அம்மா கேட்டதற்கு, "அவ வெளயாடட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அப்பாவுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று பூரித்துப்போனேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கே எனக்கு என்று ஆகிவிட்டதில், அந்த வருஷம் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.