கல் உள்பக்கம் இருந்தது

இல்லை, யாரும் போன் செய்யவில்லை. போஸ்டரில்தான் பார்த்தேன்.

ராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் போகும் பேருந்து ஒரு பெட்ரோல் பங்க் அருகே நின்றது. எதிரே காம்பவுண்டு சுவர். அதில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கருப்பசாமி அண்ணன். ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். வெட்டி எடுத்தும் தோளில் வேறு யாருடைய கையோ மிச்சம் இருந்தது. கீழே, 'தென்மேற்குக் கோட்டைச் சுவரைக் கண்டெடுத்த எங்கள் அண்ணன்.' ஜேசிபி ஸ்டாண்டு நண்பர்கள் ஒட்டியது. பேருந்து கிளம்பியது. டிக்கெட்டை மடித்துக் கடிகாரப் பட்டைக்குள் செருகினேன். இறங்கி நூலகம் போனேன். அன்று எடுக்க வேண்டிய குறிப்புகளை எடுத்தேன். கையெழுத்து ஒழுங்காகவே இருந்தது.

நெஞ்சுவலி என்று பிறகு தெரிந்தது. வேலை முடித்து, வண்டியை ஓரங்கட்டி, இறங்கும்போது படியிலேயே உட்கார்ந்திருக்கிறார். நாற்பத்தாறு வயது.

அவரை அறிந்தவர்கள்தான் இதை வாசிப்பீர்கள். என்னை அறியாதவர்கள் இருக்கலாம். திருவில்லிபுத்தூரில் ஒரு மண்கோட்டை இருந்தது. பாளையக்காரர் போர்களுக்குப் பிறகு இடித்தார்கள் என்பார்கள். மிச்சத்தை வீடுகள் விழுங்கின. அதன் சுவர் ஊரைச் சுற்றி எந்த வழியாகப் போனது என்பது என் ஆய்வு. தரைக்கு மேல் பார்க்க ஏறக்குறைய ஒன்றும் இல்லை. யாராவது வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினால்தான் உண்டு. தோண்டுகிறவர் அவர்.

முதல் நாள் கோட்டைத் தலைவாசல் பக்கம் ஒரு குழியின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். வண்டியை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, செத்த தள்ளி நில்லுங்க. பக்கெட்டு திரும்பையில எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க விழுந்தா ஒங்களையும் சேத்துத்தான் அள்ளுவேன்."

எதற்கு நிற்கிறேன் என்று சொன்னேன். கையை லிவர் மேல் வைத்தார். "சாதா மண்ணு பொலபொலன்னு வரும். இங்க சில எடத்துல கருப்பட்டியப் பொளந்தாப்புல கட்டியா வரும். கை லிவர்லயே தெரியும். அதுதானா ஒங்க சுவரு?"

அதுதான். உமி கலந்து, அடுக்கடுக்காக இடித்து ஏற்றிய மண். அவர் கை பல வருடங்களாக அதைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு வாட்ஸ்அப்பில் லொகேஷன் வரும். கூடவே குரல் செய்தி: "மண்ணு மேடம், வந்துருச்சு." நான் ராஜபாளையத்திலிருந்து போய்ச் சேரும்வரை குழி அப்படியே இருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் ஹைட்ராலிக் ஆயில் சூடாகிவிட்டது, ஆற வேண்டும் என்று சொல்லிவிட்டு வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை நான் போனபோது வீட்டுக்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏலே, நீ ஜேசிபி ஓட்டுதியா, தோச சுடுதியா? எப்பப் பாத்தாலும் சூடாயிருச்சு சூடாயிருச்சுங்க!"

"பெரிய வண்டி அண்ணாச்சி. கோவம் வந்தா ஒங்கள மாதிரித்தான். ஒடனே ஆறாது."

அளந்து, படம் எடுத்து, ஒரு பையில் மண் எடுத்துக்கொண்டு ஏறுவேன். வண்டி ஆறிவிடும்.

சுவரைக் காத்தவர் என்று அவரைப் பற்றி எழுத முடியாது. ஒரு கொல்லையில் ஆளுயரத்துக்கு ஒரு துண்டு நின்றிருந்தது. அதை இடித்தது அவர்தான். நான் எதிரே போய் நின்றேன். இன்ஜினை அணைத்தார். "ஒடைக்கச் சொன்னா ஒடைக்கத்தான் செய்வேன். நான் போயிட்டா இன்னொருத்தன் வருவான், அவன் ஒங்களுக்குப் போன் பண்ண மாட்டான். காப்பாத்தணும்னா தாசில்தார்ட்டச் சொல்லுங்க மேடம்." சொன்னேன். பதில் வரவில்லை. காலையில் தொடங்கி மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்.

இனி எழுத வேண்டியது தென்மேற்கு மூலை.

என் வரைபடத்தில் அங்கே மட்டும் ஓர் இடைவெளி இருந்தது. ஆய்வேடு கொடுக்கச் சில வாரங்களே இருந்தன. அவரிடமிருந்து லொகேஷன் வந்தது. போனேன். இடித்து ஏற்றிய மண், அடுக்கடுக்காக. ஒரு பக்கம் சரிவாகக் கல் பதித்திருந்தது.

நான் சந்தோஷமாக இருந்தேன். அவர் குழிக்குள் இறங்கிக் கல்லைத் தொட்டுப் பார்த்தார்.

"மேடம், எங்க வத்திராயிருப்புல கண்மாக் கரை இப்பிடித்தான் இருக்கும். தண்ணி பக்கம் மட்டும் கல்லு. அலைகல்லும்பாக. அல அடிச்சுக் கரை கரையாம இருக்க."

அகழித் தண்ணீருக்காகப் பதித்திருப்பார்கள் என்றேன்.

"அகழி ஊருக்கு வெளிய இல்ல இருக்கும்? இந்தக் கல்லு உள்பக்கமால்ல இருக்கு?"

நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையைத் தட்டிக்கொண்டு மேலே ஏறினார். "நீங்க படிச்சவிய. சரியாத்தான் இருக்கும்."

வரைபடத்தில் சுவரை நீட்டி இடைவெளியை மூடினேன். அவர் சந்தேகப்பட்டதை எழுதவில்லை. பதிலாக அடிக்குறிப்பில், 'இப்பகுதியை அடையாளம் காட்டியவர் ஜேசிபி ஓட்டுநர் கருப்பசாமி' என்று எழுதினேன். நன்றி என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா என்று இப்போது தெரியவில்லை.

அந்தப் பக்கத்தின் நகலை அவரிடம் கொடுத்தேன். லேமினேட் செய்து கேபினில் மாட்டினார். ஸ்டாண்டில் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு ஒருமுறை, வேறு ஏதோ பேசும்போது, "அந்தக் கல்லு உள்பக்கந்தான இருந்துச்சு?" என்றார். இன்னொரு நாள் போய்ப் பார்ப்போம் என்றேன். அதற்குள் அங்கே வீடு எழும்பிவிட்டது.

பதினாறாம் நாளுக்கு வத்திராயிருப்பு போனேன். அவர் மனைவி முத்துலட்சுமி அக்கா காபி கொடுத்தார். போஸ்டரில் இருப்பது தவறு என்று சொல்லத்தான் போயிருந்தேன். காபி ஆறியது. சொன்னேன். அது சுவர் இல்லை, கண்மாய்க் கரை. தவறு என்னுடையது, பெயர் அவருடையது.

அக்கா முகம் மாறவில்லை.

"அது எங்களுக்குத் தெரியும்மா. அன்னைக்கே வீட்ல வந்து சொன்னாவ. 'கண்மாத் தண்ணி குடிச்சு வளந்தவன் நான், எனக்குக் கரை தெரியாதா'ன்னு."

"பிறகு ஏன் அதைக் கேபினில் மாட்டினார்?"

"அவிய பேரு அச்சுல வந்தது அது ஒண்ணுதான." டம்ளரை எடுத்துக்கொண்டார். "நாந்தான் கேட்டேன், தப்புன்னா அந்தப் புள்ளைகிட்டச் சொல்ல வேண்டியதுதானன்னு. 'நான் சொல்லிட்டேன். அது சூடா இருக்கு, ஆறட்டும். பொறவு அதுவே திருத்திக்கிடும்'னாவ."

அக்கா வாசல்வரை வந்து, "பஸ்ஸு இப்ப வந்துரும்" என்றார்.

அண்ணனின் குரல் செய்திகள் போனில் இருக்கின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே சொற்கள். ஒரு பையில் தென்மேற்கு மூலை மண் இருக்கிறது. அதில் உமி இல்லை. அது அன்றைக்கே எனக்குத் தெரியும். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இவ்வளவுதான். இவற்றோடு, அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன அந்த அவகாசமும். அதைத் தாமதமாகத்தான் பயன்படுத்துகிறேன்.

வரைபடத்தில் தென்மேற்கு மூலையை மறுபடி இடைவெளியாக விட்டேன். பக்கத்தில் எழுதினேன்: 'கண்மாய்க் கரை. அலைகல் உள்பக்கம். சுவர் அல்ல என்று முதலில் சொன்னவர் கருப்பசாமி.' ஒரு படியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். இன்னொன்றை லேமினேட் செய்து ஸ்டாண்டுக்கு எடுத்துப் போனேன்.

அங்கே ஒருவர் அதை இரண்டு முறை வாசித்தார். "அப்ப நாங்க போஸ்டர்ல போட்டது?"

நான் எழுதுகிறேன் என்றேன். எழுதியது இதுதான்.

பிறகு அண்ணனின் வண்டியில் ஏறி, பழைய தாளைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் புதியதை மாட்டினேன்.