இருபத்தேழு வாட்

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எத்தனை டெராபைட் என்று கேட்பார்கள். மீதிப் பேர் விலை கேட்பார்கள். விவிக் ஒருத்திதான் "கோ, இது எத்தனை வாட் இழுக்கும்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள்.

சுரபாயாவில், பழைய கம்ப்யூட்டர் விற்கும் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருபத்திரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய பெட்டிகளை மொத்தமாக வாங்கி, பிரித்து, துடைத்து விற்பது பிழைப்பு. பெயர் பிங். சீன வீட்டு ஆம்பிளைகளை இங்கே அண்ணன் முறை வைத்துக் "கோ" என்பார்கள். அந்த மரியாதையோடு வந்துதான் என் பிராணனை வாங்குவார்கள். தொணதொணவென்று கேள்வி கேட்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"வாட் தெரிஞ்சு என்ன பண்ணப் போற? கரண்ட் ஆபீஸா நடத்தற?" என்றேன்.

"வீட்டுல தொள்ளாயிரம் வாட்தான் கோ. அதுக்கு மேல போனா மெயின் விழுந்துடும்."

"ஊர்ல முக்கால்வாசி வீட்டுல தொள்ளாயிரம்தான். இஸ்திரி போடறப்ப குக்கரை அணைக்கிறாங்க, குக்கர் போடறப்ப மோட்டாரை அணைக்கிறாங்க. நீ என்ன புதுசா?"

"எங்க வீட்டுல ஒண்ணை மட்டும் அணைக்க முடியாது" என்றாள்.

அது அவள் கணவன் கஸ்முரியின் ஆக்சிஜன் மெஷின். கஸ்முரி துறைமுகத்தில் கப்பல் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன். கப்பலின் அடிவயிற்றில் புகையும் தூசியும் குடித்தே இருபது வருடம் ஓட்டினான். நாற்பத்தாறு வயதில் நுரையீரல் போய்விட்டது. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது மூக்கில் குழாய் இருக்க வேண்டும், கூட இருந்தால் இன்னும் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மூன்று வருடமாக விவிக் வீட்டைவிட்டு எங்கும் போனதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் நாத்தனார் வந்து இரண்டு மணி நேரம் உட்காருவாள். மற்ற நேரமெல்லாம் முன்னறையில் உட்கார்ந்து ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாணப் போட்டோக்களைத் திருத்திக் கொடுப்பாள். வீட்டில் வருமானம் என்று இருந்தது அது ஒன்றுதான். இப்போது ஸ்டூடியோ புதிதாக ஒன்று சொல்லிவிட்டது. நோன்புப் பெருநாளான லெபரான் முடிந்து கல்யாண சீசன் தொடங்குவதற்குள், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் தங்கள் படங்களையெல்லாம் சொந்த சர்வரில் இரண்டு டிஸ்க்கில், இரண்டு பிரதியாக வைத்திருக்க வேண்டும். ஸ்டூடியோ எந்த நேரம் கேட்டாலும் நெட் வழியே எடுத்துக்கொள்ளும். முடியாதவர்கள் தினமும் ஆபீசுக்கு வர வேண்டும். அவளால் எப்படிப் போக முடியும்?

"வீட்டு ஓனர்கிட்ட சொல்லி மீட்டரை ஏத்திக்கயேன்" என்றேன்.

"கேட்டேன் கோ. மீட்டர் அவங்க அம்மா பேருல மானியத்துல இருக்காம். ஏத்தினா மானியம் போயிடுமாம். வேணும்னா காலி பண்ணிக்கோங்கறாரு."

"அப்ப லேப்டாப் வாங்கிக்கோ. அது கொஞ்சமாத்தான் இழுக்கும்."

"இருந்துச்சு. போன வருஷம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வித்துட்டேன்."

எழுந்து அலமாரிகளைத் துழாவ ஆரம்பித்தேன்.

ஐந்து செவ்வாய்க்கிழமை வந்தாள். போக வர நேரம் கழித்தால் என் கடையில் நிற்க அவளுக்கு நாற்பது நிமிடம்தான். முதல் வாரம், நான்கு டிஸ்க் போடுகிற மாதிரி ஒரு கோபுரப் பெட்டியை எடுத்து வைத்தேன். நல்ல சாமான், கொள்ளை மலிவு. அவளே கையோடு கொண்டுவந்த வாட் மீட்டரில் செருகினாள். அறுபத்தைந்து. சூடு பட்டவள் மாதிரி கையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம், உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு. எட்டே வாட் என்று அவளுக்கு வாயெல்லாம் பல். நான் விற்க மாட்டேன் என்றேன். அதற்கு டிஸ்க்கை வெளியே யூ.எஸ்.பி வயரில் தொங்கவிட வேண்டும். வயர் ஒரு அசங்கு அசங்கினால் டிஸ்க் காணாமல் போகும்.

"மாப்பிள்ளை தாலி கட்டறப்ப பொண்ணைக் காணோம்னா ஸ்டூடியோவுல என்ன சொல்லுவ?" என்றேன்.

"எங்க ஊர்ல தாலி கட்ட மாட்டாங்க கோ."

"ஏதோ ஒண்ணு கட்டறாங்கல்ல."

எங்கள் மாடிக்கு வந்துபோகும் தமிழ்க் கணக்குப்பிள்ளை ஒருவரோடு பழகிப் பழகி அந்த வார்த்தை என் வாயில் ஒட்டிக்கொண்டது. அவள் சிரித்தாள். அன்றைக்குத்தான் அவள் சிரித்து முதலில் பார்த்தேன். மூன்றாவது வாரம் லேப்டாப்பில் போடுகிற சின்ன டிஸ்க்குகளைக் கேட்டாள். வாட் குறைவுதான். ஆனால் அந்த ரகத்தில் எழுதி அழித்து எழுதினால் நத்தை மாதிரி ஊரும். நாங்கள் கத்திக்கொண்டதில் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். சொல்வதற்கென்ன, எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது.

ஐந்தாவது வாரம் கிடைத்தது. இன்சூரன்ஸ் ஆபீசில் கழித்த ஒல்லிப் பெட்டி, உள்ளே விசிறிகூடக் கிடையாது. டிஸ்க் இரண்டும் கண்காணிப்பு கேமரா பெட்டியில் இருந்து பிடுங்கியவை. பழைய டிஸ்க் வாங்கினால் அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரே நாளில் செய்த ஜோடி வேண்டாம், ஒன்று போகிற அன்றைக்கே மற்றதும் போகும் என்றும் சொன்னேன். எல்லாம் பூட்டி மீட்டரில் செருகினோம். இருபத்தேழு.

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கஸ்முரி கட்டம் போட்டு எழுதியது. ஆக்சிஜன் மெஷின் 290, கம்ப்யூட்டரும் திரையும் 380, ஃப்ரிட்ஜ் 80, ஃபேன் 45, லைட்டும் மோடமும் 30. அதன் கீழே 27 என்று எழுதிக் கூட்டினாள்.

"எண்ணூத்தி ஐம்பத்திரண்டு. நாப்பத்தெட்டு மிச்சம் கோ."

வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானையும் அவளே மீட்டரில் செருகிப் பார்த்திருந்தாள். ஆக்சிஜன் மெஷினை மட்டும் பார்க்கவில்லை. அதை எப்படிக் கழற்றுவது? அதோடு சொன்னது யார், கப்பலுக்கே கரண்ட் கணக்குப் போட்டவன். நானும் அந்த எண்ணைத் திருப்பிக் கேட்கவில்லை. வாட்டுக்கு வாட் சண்டை போட்ட நாங்கள் இரண்டு பேரும் பெரிய எண்ணை அப்படியே விழுங்கினோம்.

ஏழு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை போன் செய்தாள். டிஸ்க் ஒன்று முனகுகிறது என்றாள். நானே மாற்று டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மோட்டார் சைக்கிள் நுழைந்தால் எதிரில் வருகிறவன் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. டிஸ்க்கை மாற்றினேன். புதியதில் பிரதி ஏற மூன்று மணி நேரம் ஆகும். விவிக்குக்கு மாலை நான்கு மணிக்குள் ஒரு கல்யாணத்தை முடித்து அனுப்ப வேண்டியிருந்தது.

"உள்ள போய் மாஸ்கூட பேசிட்டிருங்க கோ. பேச்சுத்துணைக்கு ஏங்கிட்டுக் கிடக்காரு." கணவனை அவள் "மாஸ்" என்றுதான் கூப்பிடுவாள்.

உள்ளறையில் கஸ்முரி மூன்று தலையணையில் சாய்ந்திருந்தான். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் இந்த ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்து "சாக்" என்றுதான் கூப்பிட்டேன். மடக் மடக்கென்று சத்தம் போட்டுக்கொண்டு ஒரு ஸ்டாண்ட் ஃபேன் ஓடியது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும் சத்தம், எலெக்ட்ரீஷியன் வீட்டில் இப்படியா என்று நினைத்தேன். மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் முணுமுணுத்தது.

பழைய சாமானைப் பார்த்தால் பின்பக்கம் திருப்பிப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. குனிந்தேன். தகட்டில் 350 வாட் என்று இருந்தது. அதன் மேல் சர்வீஸ்காரன் ஒட்டிய சீட்டு: ஐம்பது நாளுக்கு முந்தைய தேதி, 4210 மணி. பக்கத்தில் ஓடிய நேரத்தைக் காட்டும் சின்ன எண்கள்: 4712.

ஐம்பது நாளில் ஐந்நூறு மணி. நாளைக்குப் பத்து மணி நேரம்.

நிமிர்ந்தேன். கஸ்முரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க பாக்கலைன்னு வச்சுக்கோங்க கோ."

"இருநூத்தித் தொண்ணூறுன்னு எழுதினீங்களே, சாக்."

"உள்ளதை எழுதியிருந்தா தொள்ளாயிரத்தைத் தாண்டியிருக்கும். வாங்கியிருக்க மாட்டா."

தலையணைக்கு அடியிலிருந்து வயரோடு ஒரு சுவிட்சை எடுத்துக் காட்டினான். மேசை விளக்குக்குப் போடுகிற மாதிரி சுவிட்ச், மெஷின் வயரில் அவனே பூட்டியது. அவள் காலடிச் சத்தம் கேட்டால் மெஷினைப் போடுவான், போனதும் அணைப்பான். போடும்போது 'பீப்' என்று கத்தாதபடி உள்ளே ஒரு வயரை வெட்டியிருந்தான். ஃபேனுக்கு எண்ணெய் விடாத காரணமும் அதுதான். அந்தச் சத்தத்தில் மெஷின் நின்றாலும் வெளியே தெரியாது.

"பைத்தியமா உங்களுக்கு?"

"மூணு வருஷம் கோ. ரோட்டு முனையில என்ன கடை இருக்குன்னுகூட மறந்திருப்பா. அந்த வேலையும் போச்சுன்னா எனக்கு மலம் அள்ளறதைத் தவிர அவளுக்கு என்ன இருக்கும்?" இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினான். "சொல்லிடாதீங்க. சொன்னா ராத்திரிக்கும் சேத்து அணைச்சிருவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தண்ணீர் வேண்டும் என்று சாக்குச் சொல்லி முன்னறைக்கு வந்தேன். சொல்லாமல் இருக்க நான் அவனுக்குச் சத்தியமா செய்து கொடுத்தேன்?

"விவிக், அந்த மெஷின்—"

"தெரியும் கோ" என்றாள். திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. திரையில் ஒரு மணப்பெண்ணின் நெற்றியில் இந்த ஊர் வழக்கப்படி தீட்டியிருந்த கறுப்புச் சாயத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"என்ன தெரியும்?"

"மணிக்கணக்கு. நீங்கதானே பாக்கச் சொல்லிக்குடுத்தீங்க. ரெண்டாவது வாரமே பாத்துட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வேலையை விடறேன்னு முன்னாடி ஒரு தடவை சொன்னேன். ரெண்டு நாள் குழாயே வைக்கலை. உதடெல்லாம் நீலம். அதான் தெரியாத மாதிரி இருக்கேன். கம்ப்யூட்டரைத் தூங்கவிட்டுட்டு உள்ள போவேன், ஏதாவது சாக்குச் சொல்லி. தண்ணி, தலகாணி, ஜன்னல். நான் உள்ள இருக்கற வரைக்கும் போட்டிருப்பாரு."

"கடவுளே."

"அறுபத்தஞ்சு வாட் பெட்டி வேணாம்னு அலைஞ்சேனே கோ, அந்த முப்பத்தெட்டு வாட் அவர் மூச்சுக்குன்னு நெனச்சுத்தான் அலைஞ்சேன். அவர் அதையும் எனக்கே குடுத்துட்டாரு."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நான்கு மணி வேலையைக் காட்டி, கம்ப்யூட்டர் கடைசி ஓட்டம் ஓடுகிறது, இப்போது தூங்கவிட முடியாது என்றாள். வழி இருக்கிறதா என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

திரும்ப உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"போடுங்க சாக். நான் இருக்கற வரைக்கும் அணைக்கப்படாது. நான் சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்."

"உங்களுக்குக் கடை இல்லையா?"

"கடை கிடக்குது. உங்க கப்பல் கதையைச் சொல்லுங்க."

முறைத்தான். ஆனாலும் போட்டான். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. ஏதோ கொரியக் கப்பலில் சமையல்காரனுக்கு ஷாக் அடித்த கதையை ஆரம்பித்தான். கால் மணி நேரம் கேட்டிருப்பேன். அடுப்படியில் ஃப்ரிட்ஜ் ஒரு உதறு உதறிக்கொண்டு கிளம்பியது. வாசல் பக்கம் டக்கென்று ஒரு சத்தம். எல்லாம் நின்றது. ஃபேன் இறக்கை மட்டும் கொஞ்ச நேரம் சுற்றி ஓய்ந்தது.

கஸ்முரி என்னைப் பார்த்தபடியே தலையணைக்கு அடியில் கையை விட்டான். சுவிட்ச் மடிந்த சத்தம் எனக்குக் கேட்டது. முன்னறையில் விவிக் நாற்காலியைத் தள்ளினாள், வாசலுக்குப் போனாள், மெயினைத் தூக்கிவிட்டாள்.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. மெஷின் ஓடவில்லை, அவன்தான் அணைத்துவிட்டானே. முன்னறையிலும் ஒன்றும் ஓடவில்லை. எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பிளக்கும் சர்வர் பிளக்கும் தரையில் கிடந்தன. மெயினைத் தூக்குவதற்கு முன்பே இரண்டையும் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். டிஸ்க்கில் பிரதி ஏறிக்கொண்டிருக்கும்போது என் தொழிலில் யாரும் செய்யக் கூடாத காரியம்.

அவள் வந்து வாசற்படியில் நின்றாள். ஓடாத மெஷினைப் பார்த்தாள். அவன் அவளுக்குப் பின்னால் அணைந்து கிடந்த திரையைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் இனி ஒளிக்க எதுவும் மிச்சம் இல்லை.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, அவன் கையை விரித்து, சுவிட்சை வாங்கி அழுத்தினாள். மெஷின் ஓடத் தொடங்கியது. சுவிட்சைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"நாலு மணி கல்யாணம் என்னாச்சு?" என்றான்.

"கல்யாணம் ஆனவங்கதானே. காத்திருக்கட்டும்."

"வேலை போயிரும், விவிக்."

"தெரியும் மாஸ்."

முன்னறையில் அவள் போன் அடித்தது. ஸ்டூடியோவாகத்தான் இருக்கும். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.