பச்சைக் கட்டையின் விளிம்பு

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அக்காவுக்கு வீட்டில் இன்னொரு வேலையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் என்ன ஆட்டம் ஆடுவது என்று முடிவு செய்வது அவள்தான். அலமாரியில் பதினேழு பெட்டிகள் இருந்தன. ஆடுவது நாலே பேர்: அவள், குழாய் வேலை பார்க்கும் கணவன், மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கும் தங்கை, தங்கையின் கணவர். நாலு பேர்தானே என்று லேசாக நினைத்துவிடக் கூடாது. இந்த நாலு பேருக்கும் பிடிக்கிற ஓர் ஆட்டத்தைத் தேடுவதைவிட நாற்பது பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுவது சுலபம்.

கணவனுக்கு விதிமுறை அரைப் பக்கத்தைத் தாண்டினால் கொட்டாவி வந்துவிடும். தங்கைக்குத் தோற்கப் பிடிக்காது. அதனால் பழியைப் பகடையின் தலையில் போட இடம் இருக்க வேண்டும். தங்கையின் கணவரோ அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். விதியில் ஒரு சொல் இடம் மாறினாலும் பொறுக்க மாட்டார். கணவன் அவரைச் சகலை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

மழைக்காலத் தொடக்கத்தில் அக்கா புதிதாக ஒரு பெட்டி வாங்கினாள். சுருக்குப்பைக்குள் அறுபது மரக்கட்டைகள், நாலு நிறம். பைக்குள் கைவிட்டுப் பார்க்காமல் ஒன்றை எடுத்து, தன் தோட்ட அட்டையில் அந்த நிறப் பாத்தியில் வைக்க வேண்டும். முதலில் தன் தோட்டத்தை நிரப்புகிறவர் ஜெயித்தவர். விதிமுறை கால் பக்கம்தான். நால்வருக்கும் பொருந்தும் என்று அவள் மார்தட்டிக்கொண்டாள்.

முதல் ஆட்டத்திலேயே சகலை சிவப்புப் பாத்தியில் பச்சைக் கட்டையை வைத்தார். சொன்னதும் எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். மூன்றாம் முறை கணவன், சகலை கள்ளாட்டம் ஆட ஆரம்பித்துவிட்டார் என்று தொடை தட்டிச் சிரித்தான். விளையாடப் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லலாமே என்று தங்கையும் சேர்ந்துகொண்டாள். சகலை தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அடுத்த ஞாயிறு அவருக்கு அச்சகத்தில் அவசர வேலை. அதற்கடுத்த வாரம் வயிறு சரியில்லை. மூன்றாம் வாரம் தங்கையும் வரவில்லை. அக்காவும் தங்கையும் முகம் பார்த்துப் பேசக் கிடைப்பது வாரத்தில் அந்த ஒரு மதியம்தான். ஒரு பெட்டியைத் தப்பாக எடுத்துத் தங்கையையே தொலைத்துவிட்டோமே என்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அந்தக் கட்டைகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று தடவையும் சிவப்பில் பச்சை. நீலத்தை அவர் ஒருமுறைகூட மஞ்சளில் வைக்கவில்லை. கள்ளாட்டம் ஆடுகிறவனுக்கு எல்லா நிறமும் ஒன்றுதானே?

பல்லி ஊருக்கெல்லாம் சொல்லுமாம், தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுமாம். இரண்டு வருடத்துக்கு முன் சகலைக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தவளே அவள்தான். எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டாள், தெரிகிறது என்றார். நிறக்குருடா என்று பார்க்கிற நிறப் புள்ளிப் புத்தகத்தை ஓட்டுநர் உரிமத்துக்கு வருகிறவர்களுக்குத்தான் கடையில் திறப்பார்கள். வீட்டு மனிதருக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள்.

வேறு பெட்டியை எடுத்து வைத்து மழுப்பியிருக்கலாம். ஆனால் எந்த ஆட்டத்தில் கெட்ட பேர் வந்ததோ அதே ஆட்டத்தில்தான் அது போக வேண்டும் என்பது அவள் பிடிவாதம். அவர் இத்தனை காலம் மூடி வைத்ததைத் தானே போட்டு உடைக்கவும் மனம் வரவில்லை. கடையில் சாப்பாட்டு நேரத்தில், கண்ணாடிச் சட்டம் தேய்க்கும் சின்ன அரத்தால் பதினைந்து பச்சைக் கட்டைகளின் விளிம்பிலும் ஒரு பள்ளம் போட்டாள். பிறகு அச்சகத்துக்குப் போன் செய்தாள்.

"பச்சைக் கட்டை ஓரத்துல ஒரு பள்ளம் இருக்கும். விரல் வச்சா தெரியும். வேற யாருக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை வாங்க."

அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "சரிக்கா" என்றார் சகலை.

வந்தார்கள். முதல் சுற்றிலிருந்தே சகலை ஒரு கட்டையைக்கூடத் தப்பாக வைக்கவில்லை. சகலை தேறிவிட்டார் என்று கணவன் சான்றிதழ் கொடுத்தான். அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. கடைசியில் சகலையின் தோட்டம் நிரம்ப ஒரே ஒரு பச்சைதான் பாக்கி. பைக்குள் கைவிட்டார். விட்ட கை வெளியே வரவில்லை. தங்கை அவசரப்படுத்தினாள். அவர் வெறும் கையை வெளியே எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டார்.

"அக்கா, இது சரியில்ல. பைக்குள்ள பச்சை எதுன்னு ஓரத்துப் பள்ளத்தைத் தடவினாலே எனக்குத் தெரியுது. இப்படி ஜெயிச்சா அதுதான் கள்ளாட்டம்."

கட்டையில் எதற்குப் பள்ளம் என்று கணவன் கேட்டான். பைக்குள்ளேயும் அது விரலில் தட்டும் என்று அக்கா யோசிக்கவே இல்லை. சகலையே பதில் சொன்னார்.

"எனக்காகப் போட்டாங்க. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பள்ளிக்கூடத்துல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொன்னதில்ல."

கணவன் முகம் சுண்டிப்போயிற்று. அன்றைக்குச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். சகலை காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. அவர் தன் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ரெண்டு வருஷமா உங்களுக்குப் பச்சைச் சட்டையாப் பார்த்துப் பார்த்து எடுக்கறேன். நல்ல நிறம், நல்ல நிறம்னு சொன்னீங்களே. எதை வச்சுச் சொன்னீங்க?"

"நீ சட்டையை விரிச்சுக் காட்டும்போது உன் முகம் எப்படி இருக்குன்னு பார்ப்பேன்" என்றார் சகலை. "அதை வச்சுத்தான்."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சுருக்குப்பையை அவர் முன்னாலிருந்து தன் பக்கம் இழுத்தாள். இனி அவருக்கும் சேர்த்துத் தானே எடுப்பதாகவும், ஒவ்வொன்றையும் என்ன நிறம் என்று சொல்லிக் கொடுப்பதாகவும் அறிவித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தடவாமல் கைக்கு வந்த முதல் கட்டையை எடுத்தாள்.

கண்ணைத் திறந்து, "மஞ்சள்" என்றாள். அவர் அதை வாங்கிக்கொண்டார்.