நோட்டு போட்டு இடம் பிடித்தவர்

விருத்தாசலம் என்பவரைப் பஸ்ஸில் பார்த்தால் நான் தூங்குவதுபோல் நடிப்பேன். மூன்று வருடமாக இதுதான் எனக்குத் தற்காப்பு. இருவருமே விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு திண்டிவனத்தில் வேலை பார்க்கிறவர்கள். அவர் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர். ஐம்பத்திரண்டு வயது, கவிதைப் பைத்தியம்; ஆள் கிடைத்தால் வாசித்துக் காட்டாமல் விடமாட்டார்.

எங்கேயோ ஒரு ஸ்பானிஷ் கவிதைப் புத்தகம் வாங்கினார். இடது பக்கம் ஸ்பானிஷ், வலது பக்கம் தமிழ். தமிழில் நிலா அழுதது என்றிருந்தது. நிலா நிஜமாகவே அழுததா, மொழிபெயர்த்த ஆள் அழவைத்தானா என்று இவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதைக் கண்டுபிடிக்க ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்தார். வேறு யாராக இருந்தாலும் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

மூட்டைகளுக்கு நடுவே செல்போனில் கற்ற வார்த்தைகளைத் தமிழ் எழுத்திலேயே ஒரு நோட்டில் எழுதினார். லூனா என்றால் நிலா. பான் என்றால் ரொட்டி. ஆயிரத்து நூறு வார்த்தை சேர்ந்ததும் அந்தப் புத்தகத்துக் கவிதைகளையும் அதிலேயே எழுதிக்கொண்டார். கேட்கத்தான் ஆளில்லை. வீட்டில் வாசிக்க ஆரம்பித்தால் மனைவி ஜெயம் மிக்சியைப் போட்டுவிடுவார்.

போன திங்கட்கிழமை பஸ்ஸில் நல்ல கூட்டம். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது எங்கள் வழக்கம். துண்டை மறந்து வந்த மனிதர் அவசரத்தில் நோட்டைப் போட்டுவிட்டார். நாங்கள் படிக்கட்டை நெருங்குவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த பஸ்ஸில் அவர் வாயே திறக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லை. விக்கிரவாண்டி தாண்டியதும் மெல்லச் சொன்னார்.

"மூணு வருசம்ங்க. திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்ல."

திண்டிவனத்தில் அந்த பஸ் நின்றுகொண்டிருந்தது. நோட்டு யாருடையது என்று தெரிந்ததும் கண்டக்டர் தமிழ்மணி எரிந்து விழுந்தார். வழியில் யாரோ அதைத் திறந்து உரக்கப் படித்திருக்கிறார்கள். முவெர்த்தே, சாவு. சாங்ரே, ரத்தம். உவேசோ, எலும்பு. சூனிய நோட்டு என்று பஸ்ஸே முடிவு கட்டிவிட்டது. அத்தனை நெரிசலிலும் அந்த சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. தூக்கி வெளியே போடவும் யாருக்கும் தைரியமில்லை. நோட்டின்மேல் ஒரு எலுமிச்சம்பழம் வேறு வைத்திருந்தார்கள்.

"ஜல்தியா எடுத்துக்கினு போங்க சார்," என்றார் தமிழ்மணி.

நோட்டுக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். பெயர் வெள்ளையம்மாள். மந்திரக்காரர் எப்படியும் வருவார் என்று இறங்காமல் காத்திருந்தாராம். முழங்கால் வலிக்கு ஏதாவது ஓதச் சொன்னார். விருத்தாசலம் பதறிப்போய், இது மந்திரமில்லை, வேறு தேசத்துக் கவிதை, இதைக் கேட்டு எந்த வலியும் போகாது என்றார்.

"போவாட்டி போவுது. இம்மா நேரம் நின்னுக்கினு இருந்தேனே, படிங்க."

அவர் படித்தார். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டார். பிறகு முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு, வலி அப்படியேதான் இருக்கிறது என்றார்.

"ஆனா கேக்க நல்லாருக்குது. இன்னொருவாட்டி படிங்க."

விருத்தாசலம் மறுபடி கவிதையின் முதல் வரிக்கு விரலைக் கொண்டுபோனார். மண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்த நான், அதைச் சொல்லாமல் எதிர் சீட்டில் உட்கார்ந்தேன்.