கோனேரியில் கரைத்த மாத்திரைகள்

நீரில் மீனாய் நின்று மறை காத்த பெருமானே, என் பிழையை ஒளிக்காமல் எழுதத் துணை நில். இன்று ஆவணித் திருவோணம், உன் நாள்.

ஆந்திர எல்லையிலுள்ள நகரிக்கு அருகே எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் பாசுரம் சேவிப்பது என் கைங்கரியம். பங்குனியில் என் மனைவி பரமபதம் அடைந்தாள். இரண்டாண்டு நோயில் திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிவந்த மருந்துகள் ஒரு துணிப்பை நிறைய மீந்திருந்தன: வலிக்கு, உறக்கத்துக்கு, மனம் பதறாமலிருக்க. மெடிக்கல் கடைக்காரர் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. மீந்ததை எங்கே சேர்ப்பது என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை.

வாடிய துளசியையும் பழைய சுவாமி படங்களையும் நாங்கள் குப்பையில் எறிவதில்லை; நீரில் சேர்ப்போம். அவள் உயிரைத் தாங்கிய மருந்தைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அட்டை அட்டையாய்ப் பிரித்து, பாட்டில்களையும் கவிழ்த்து, கோயில் குளமான கோனேரியில் கரைத்தேன். வெயிலில் வற்றி அது நடுவில் ஒரு குட்டையாய்க் கிடந்தது. கைகூப்பித் திரும்பினேன்.

கரைத்த நான்காம் நாள், தினமும் மீன்களுக்குப் பொரி போடும் தறிக்காரப் பெண்மணி என் வாசலில் நின்று சிரித்தாள்.

“இன்னா சாமி, மீனுக்கு மந்திரம் கிந்திரம் போட்டுட்டீங்களா? நெழலு பட்டாலே ஓடுமே. இப்ப கைய வச்சாலும் நவுராம நின்னுக்கினு கீது.”

போய்ப் பார்த்தேன். மீன்கள் அனைத்தும் நீர்மட்டத்தில் ஒரே திசை நோக்கி நின்றன. ஒரு கொக்கு மீனொன்றைக் கவ்வியது. அடுத்த மீன் விலகாமல் கொக்கின் காலருகே வந்தது. ஒரு துள்ளல் இல்லை. தவளைச் சத்தமும் இல்லை. குனிந்தேன். அந்தக் கண்களை நான் அறிவேன். கடைசி மாதங்களில் மாத்திரை விழுங்கியபின் என் மனைவி என்னைப் பார்த்த பார்வை அது: வலி இல்லை, அச்சம் இல்லை, நான் யாரென்ற நினைவும் இல்லை.

இரண்டு நாளில் சித்திரைத் திருவோணம். பெருமாள் திருமஞ்சனத்துக்கு இந்தக் குட்டையிலிருந்துதான் நீர் எடுப்பார்கள். அந்தத் தீர்த்தம் கைக்குழந்தையின் வாய்வரை போகும். சொன்னால் கைங்கரியம் போய்விடும் என்று ஒரு பகல் முழுதும் வாய் திறக்காமல் இருந்தேன். அன்று சேவித்த பாசுரத்தில் ‘மீன்’ என்ற சொல் வந்தது. அந்தச் சொல்லோடு நிறுத்தினேன். சந்நிதியிலேயே அர்ச்சகரிடம் சொன்னேன்.

அவர் குளக்கரைவரை போய்ப் பார்த்துவந்தார். பிறகு, “இந்த வருஷம் போர்வெல் தண்ணியில திருமஞ்சனம் ஆகட்டும், ஸ்வாமி. ஏன்னு ஜனங்க கேப்பா. அத தேவரீரே சொல்லணும்,” என்றார்.

திருவோணத்தன்று கூட்டத்தின் முன் சொன்னேன். தறிக்காரப் பெண்மணி இம்முறை சிரிக்கவில்லை.

“நேத்துகூட அந்தத் தண்ணில மூஞ்சி கழுவிக்கினேனே, சாமி,” என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கைங்கரியத்தை நானே விட்டேன். ஆடி மழையில் கோனேரி நிரம்பிவிட்டது. நாள்தோறும் படியில் நின்று என் நிழலை நீரில் விழவிடுகிறேன். புதிய குஞ்சுகள் சிதறி ஓடுகின்றன. பழைய மீன்கள் சில மட்டும் இன்றும் ஓடாமல், என்னை நோக்கி மேலே வருகின்றன.

இதைப் படிப்போர் அனைவரும் நோயின்றி நெடிது வாழ்க. உங்கள் நோய் தீர்க்கும் மருந்து வேறோர் உயிரைத் தீண்டாதிருக்கட்டும். உங்களைப் பார்க்கும் கண்கள் என்றும் உங்களை அறிந்திருக்கட்டும்.