பிறந்தநாளுக்கு ஒட்டகச்சிவிங்கி

இந்த நாட்டில் ஜூலைதான் நடுக் குளிர்காலம். அந்தக் குளிரில் மிருகக்காட்சிசாலைக்குப் போக எனக்கென்ன பைத்தியமா? நித்தியானந்தன் அண்ணாவின் கார் பழுதாகிவிட்டது. யாரிடமும் எதையும் கேட்காத மனிதர், வாய்விட்டுக் கேட்டுவிட்டார். அவர் இருக்கும் புறநகரான கிரெய்கிபர்னிலிருந்து ஏற்றிக்கொண்டு போனேன்.

எங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்கிறவர் அவர். ஊரிலிருந்து யாராவது கேட்டால், "கொம்பனி வேலை" என்பார். வவுனியாக்காரர். பதின்மூன்று வருடத்துக்கு முன் படகில் அகதியாக வந்தவருக்கு இன்றுவரை தற்காலிக விசாதான். குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது; போய்ப் பார்த்தால் திரும்பி வர முடியாது. அவர் கிளம்பியபோது மகள் பிரவீணாவுக்கு இரண்டு வயது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இங்கே வந்து, வாட்ஸ்அப் வீடியோவில் அவளுக்கு மிருகங்களைக் காட்டுவார். அன்று அவளுக்குப் பதினைந்து.

தூறலும் காற்றுமாகக் காது விறைத்தது. ஒரு மிருகமும் வெளியே வரவில்லை. அவற்றுக்காவது புத்தி இருந்தது. சிங்கத்தின் இடத்தில் ஈரப் பாறை மட்டும் கிடந்தது. இஸ்திரி போட்ட சட்டை நனைவதைக்கூடப் பார்க்காமல், போனை நீட்டிப் பிடித்தபடி அண்ணா ஓட்டமும் நடையுமாகப் போனார். நான் குடையோடு பின்னால் ஓடினேன்.

"கொஞ்சம் பொறு பிள்ளை. ஒட்டகச்சிவிங்கி இப்ப வரும். நீட்டுக் கழுத்து, ஞாபகம் இருக்கோ?"

"ஓம் அப்பா."

பதினைந்து வயதுப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது? எனக்கே கூச்சமாக இருந்தது. ஒட்டகச்சிவிங்கியும் கொட்டகைக்குள்தான் நின்றது. கதவிடுக்கில் ஒரு கால் தெரிந்தது. அந்த ஒற்றைக் காலைக் காட்ட அவர் வேலியோரம் எக்கி எக்கி நின்றதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"காணும் அப்பா, விடுங்கோ, நனையாதேங்கோ," என்றாள் பிரவீணா. "எனக்கு மிருகம் பாக்கிற ஆசை போய்க் கன வருசம். நீங்கள் சந்தோசமாக் காட்டுறியள் எண்டுதான் பேசாமல் இருந்தனான்."

அவர் கை மெல்ல இறங்கியது. போனைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார்.

"அப்ப என்னம்மா பாக்க ஆசை? சொல்லு, அப்பா காட்டுறன்."

"நீங்கள் இருக்கிற வீடு. ஒருநாளும் காட்டேல்லையே. உங்கட அறை, நீங்கள் சமைக்கிற குசினி, படுக்கிற கட்டில். அதைக் காட்டுங்கோ."

எனக்கு அந்த இடம் தெரியும். யாரோ ஒருவர் வீட்டுக் கார் கராஜ். ஜன்னல் கிடையாது. தரையில் ஒரு மெத்தை, மூலையில் ஒரு ரைஸ் குக்கர், அவ்வளவுதான். இத்தனை வருடமும் பூங்கா, கோயில், கடற்கரை என்று நின்றுதான் அவர் வீட்டுக்குப் பேசியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஹலோ... ஹலோ பிள்ளை... இங்க லைன் கிளியர் இல்லை."

"எனக்கு வடிவாக் கேக்குது அப்பா. அப்பா?"

அவர் துண்டித்துவிட்டார்.

உடனே போன் மறுபடி அடித்தது. திரையில் வெள்ளைச் சீருடையில் அவள் படம்.

"எடுங்கண்ணா. பொண்ணுக்கு இன்னைக்குப் பிறந்தநாள்," என்றேன். கோபமாகவே சொன்னேன்.

"எடுத்தாக் காட்டவேணுமே தம்பி," என்றார்.

அது அடித்து ஓயும்வரை அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.